கேமராவில் படம் வருகிறது, மெயில் மட்டும் வரவில்லையா?

நேற்று வரை யாராவது கேட்டைத் திறந்தால் வீட்டுக் கண்காணிப்புக் கேமராவிலிருந்து படத்தோடு மெயில் வந்துகொண்டிருந்தது, இன்று ஒன்றையும் காணோம். உடனே கேமராவின் ரீசெட் பட்டனை அமுக்கத் தோன்றும். அமுக்காதீர்கள். பழுது எங்கே என்று தெரியாமலே எல்லா செட்டிங்கும் அழிந்துபோய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

முதல் வேலை, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்ப்பது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு ஆப்பில் படம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். இரண்டிலும் வந்தால் அநேகமாக நெட்வொர்க் மேல் தப்பில்லை, நேராக மெயில் செட்டிங்குக்குப் போய்விடலாம். வைஃபையில் மட்டும் வந்தால் கேமரா ரவுட்டர் வரை வந்துவிட்டு வாசலைத் தாண்டாமல் நிற்கிறது. இரண்டிலுமே வராவிட்டால் கரண்ட், கேபிள், வைஃபை இந்த மூன்றில் ஒன்று.

இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் நான் ஒரு சாயங்காலம் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். அம்மா வீட்டுக் கேமராவுக்கு ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான எண்ணைக் கையால் போட்டுவிட்டு, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் படம் பளிச்சென்று தெரிகிறது, அதனால் நெட் சரி என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மெயில் பாஸ்வேர்டை நாலு தடவை மாற்றினேன். டிஎன்எஸ் இல்லாத கேமராவுக்கு ஜிமெயில் சர்வரின் பெயரைச் சொன்னால் அது எந்த முகவரிக்குப் போகும்? அந்தக் கட்டத்தில் கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்று போட்டதும் மெயில் போய்விட்டது. கேட்வே, அதாவது நெட்டுக்கு வெளியே போகும் வாசலின் முகவரி, தப்பாக இருந்தாலும் இதே கதைதான். அது உங்கள் ரவுட்டரின் முகவரியாக இருக்க வேண்டும், பல வீடுகளில் 192.168.1.1. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கேமராவை, ரவுட்டரே ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி முறையில் விட்டுவிட்டு, எப்போதும் ஒரே ஐபி கொடுக்கும்படி ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிடுங்கள்.

வைஃபை விஷயத்தில் பெரும்பாலும் மாட்டிவிடுவது புது ரவுட்டர். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே தெரியும். புது ரவுட்டரோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும், போதாததற்கு வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புது முறையில் போட்டிருக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4க்கு டபிள்யூபிஏ2 போட்டால் பழைய கேமராவும் ஒட்டிக்கொள்ளும். பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறதா? அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும், நோஞ்சான் அடாப்டர் அங்கேதான் படுத்துவிடும்.

சரி, மெயிலுக்கு வருவோம். ஜிமெயில் கணக்கின் சாதாரண பாஸ்வேர்டைக் கேமராவில் போட்டிருந்தால் அது வேலை செய்யாது. அந்த வழியை கூகுள் 2022 மே 30இல் தனிநபர் கணக்குகளுக்கு மூட ஆரம்பித்தது. இப்போது கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முடுக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்டு என்று ஒன்றை உருவாக்க வேண்டும். 16 எழுத்து, நாலு நாலாகப் பிரித்துக் காட்டும், கேமராவில் இடைவெளி விடாமல் சேர்த்து அடியுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செத்துவிடும். நேற்று வரை வந்த மெயில் இன்று நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சர்வர் எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம் (smtp.gmail.com). போர்ட், அதாவது சர்வரின் கதவு எண், 465 என்றால் குறியாக்க முறை எஸ்எஸ்எல், 587 என்றால் டிஎல்எஸ். மாற்றிப் போட்டால் போகாது. போர்ட் 25ஐ மறந்துவிடுங்கள், இணைய நிறுவனங்கள் பல அதை அடைத்துவைத்திருக்கின்றன. 535 என்று பிழை வந்தால் பயனர் பெயரிலோ பாஸ்வேர்டிலோ கோளாறு, நெட்டில் இல்லை. ஒன்று சொல்கிறேன், உங்கள் சொந்தக் கணக்கை இதற்குக் கொடுக்காதீர்கள், கேமராவுக்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் ஆரம்பித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் சில கேமராக்கள் 1970க்கோ 2000க்கோ போய்விடும். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழை நம்ப மறுத்து இணைப்பைத் துண்டித்துவிடும். நேரத்தை நெட்டிலிருந்து தானே சரிசெய்துகொள்ளும் என்டிபியை முடுக்கி, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள்.

டெஸ்ட் மெயில் வருகிறது, ஆள் வந்தால் மட்டும் மெயில் வருவதில்லை என்பது வேறு வியாதி. மெயில் செட்டிங்கைப் போட்டால் மட்டும் போதாது, அசைவு கண்டறியும் பக்கத்திலும் ‘மெயில் அனுப்பு’ என்பதை டிக் செய்ய வேண்டும், அதற்கான நேர அட்டவணையும் நிரம்பியிருக்க வேண்டும். ஸ்பேம் பெட்டியையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்; அங்கே கிடந்தால் அந்த முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டால் தீர்ந்தது.

கடைசியாக, காலையில் எழுந்தால் முந்நூறு மெயில் வந்து கிடக்கும் வீடுகள். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 மெயிலுக்கு மேல் போகாது, தாண்டினால் ஒரு நாள் வரைக்கும் அனுப்பவே விடாது, நிஜமாகவே திருடன் வரும் நேரத்தில் மெயில் போகாது. ஆடும் மரக்கிளையை விட்டுவிட்டு கேட்டையும் படியையும் மட்டும் கண்காணிப்புப் பகுதியாக வரையுங்கள், உணர்திறனைக் குறையுங்கள். அப்புறம் ஒட்டடைக் குச்சியை எடுத்து கேமரா முகத்தைத் தட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க மெயில் அனுப்பவைத்தது லென்ஸ் முன்னால் வலை கட்டியிருந்த ஒரு சிலந்தி.