மதுரைக்கு வருகிறவர்கள் என்ன சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம்

லீவுக்கு வந்த இடத்தில் வயிறு கெட்டால் எல்லோரும் காரத்தைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: தண்ணீர், ஆறிப்போன பதார்த்தம், ராத்திரி நேரங்கெட்ட நேரத்துச் சாப்பாடு.

முதல் 2 நாள் இட்லி, இடியாப்பம், ரசஞ்சோறு போதும். எதுவும் ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும். இட்லிக்குக் கொதிக்கிற சாம்பாரைத் தொட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. காலையில் அரைத்தது மத்தியானத்துக்குள் ஓரத்தில் நீர் பிரிந்து லேசாகப் புளித்த வாடை அடிக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். தெருவோரக் கம்பங்கூழ் சத்தானதுதான். ஆனால் அதைக் கரைப்பது பச்சைத் தண்ணீரிலா என்று தெரியாது. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு வீட்டில் குடிப்பது நல்லது. தாகத்துக்கு, கண் முன்னால் சீவிய இளநீர்.

வயிறு நிறைய ஒரு வேளை சாப்பிடுவதென்றால் அது மத்தியானமாக இருக்கட்டும். இலையில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்று. ஹோட்டலில் பொரியல் ஒரு கரண்டிதான் வரும், சோறு மலையாக வரும். "அண்ணே, சோறு பாதி போதும், பொரியல் இன்னொரு தடவை வைங்க" என்று கேளுங்கள், வைப்பார்கள். பிரஷர் உள்ளவர்கள் அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு மூன்றையும் ஒரே வேளையில் சேர்க்க வேண்டாம், உப்பு கூடிப்போகும்.

மதுரைக்கு வந்துவிட்டுப் பரோட்டா சாப்பிடாமல் போகச் சொல்ல மாட்டோம். மைதாவும் எண்ணெயும்தான் என்பதால் 2 பரோட்டாவோடு நிறுத்தி, கூட ஒரு ஆம்லெட்டோ சுக்காவோ வாங்குங்கள். எட்டு மணிக்குள் முடித்தால் தூக்கம் கெடாது. கல்லில் இருந்து நேராக எடுத்த பரோட்டா, கொதிக்கிற சால்னா, இரண்டும் பயமில்லை. எப்போதோ நறுக்கித் திறந்து வைத்த வெங்காயப் பச்சடியைத் தொடாதீர்கள்.

ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினுக்கு இனிப்பு கிடையாது. சீனி வருவது நன்னாரி சர்பத்திலும், சுண்டக் காய்ச்சிய பாலிலும், மேலே வைக்கிற ஐஸ்கிரீமிலும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு டம்ளரை இரண்டு பேராகப் பிரித்துக் குடியுங்கள். லண்டனிலும் கனடாவிலும் 7 என்று பார்த்துப் பழகிய சர்க்கரை அளவு இங்கே 126 என்று வரும். அந்த ஊர்க் கணக்கை 18-ஆல் பெருக்கினால் இந்த ஊர்க் கணக்கு, பதற வேண்டாம்.

சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் நாளே போன் போட்டு, "அத்தை, கறி ஒண்ணு போதும். கீரையும் ரெண்டு காயும் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் மனசு நோகாது. ஒரே நாளில் இரண்டு வீட்டு விருந்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை மாலைக் காபியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இதையும் மீறி வயிற்றோட்டம் வந்தால் மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் வாங்குங்கள். சின்னது, பெரியது என இரண்டு அளவில் கிடைக்கும். எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டுமென்று மேலேயே போட்டிருக்கும். தண்ணீரைக் குறைத்தால் உப்பு அதிகமாகிக் குழந்தைகளுக்கு ஆபத்து. பாக்கெட் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.