பொறியியல் அலுவலகத்தின் பழைய காகிதங்கள்: எந்தக் கோப்புக்கட்டைக் கழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஓவர்சீயராக இருந்தபோது ஒரு குடிநீர்க் கசிவைத் தேடி மூன்று நாள் தெருவைத் தோண்டினோம். குழாய் போன வரைபடத்தை யாரோ பழைய பேப்பரோடு கழித்துவிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் வந்து, காலால் தட்டி இடம் காட்டினார். அப்புறம் நான் வைத்துக்கொண்ட முறை இது.

குழாய், சாக்கடை, சிறுபாலம், மேல்நிலைத் தொட்டி: இவற்றின் முடிவு வரைபடமும் (வேலை முடிந்ததும், கட்டியபடியே வரைந்த படம்) மண் பரிசோதனை அறிக்கையும் அந்தப் பொருள் இருக்கும்வரை இருக்க வேண்டும். இடித்தாலும் அடித்தளப் படத்தைக் கழிக்காதீர்கள், அடித்தளம் மண்ணுக்குள்தானே கிடக்கிறது!

எம்.புக்கை, அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தைப் பொறுத்தவரை, கடைசி பில் கொடுத்தாயிற்றே என்று தூக்கிப் போடக்கூடாது. தணிக்கை ஆட்சேபணையும் வழக்கும் தீர்ந்ததா என்று பார்த்து, அரசாணை சொல்லும் காலமும் முடிந்த பிறகே பட்டியல் போட்டு, அதிகாரியின் கையெழுத்தோடு அழிக்க வேண்டும். தேர்வாகாத ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் அதே வழிதான், ஆனால் காலம் குறைவு.

அம்மோனியா பிரிண்ட் (அம்மோனியா ஆவியில் எடுத்த வரைபட நகல்) வெளிச்சத்தில் மங்கும், மடித்தால் மடிப்பில் கிழியும். சுருட்டித் துணியில் கட்டுங்கள். ஸ்கேன் எடுத்தால் கோப்புப் பெயரில் தெருவும் ஆண்டும் இருக்கட்டும்.