ஷ்லெங்கர்லாவில் புகை பீர் குடிக்கப் போகிறவர்களுக்கு

பாம்பெர்க் போகிறவர்களில் பாதிப் பேர் பழைய நகராட்சி மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே ஷ்லெங்கர்லா என்ற பழைய பீர்க்கடைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு பீர் வாங்கி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். அவசரமாகப் போனால் அப்படித்தான் ஆகும். இங்கே போக இரண்டு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும், நல்ல பசியும் வேண்டும்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பிராங்கோனியா பகுதியில் இருக்கிறது பாம்பெர்க். நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை, பஸ் தேவையில்லை. கார் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 கிராமைத் தொட்டாலே வண்டி ஓட்டுகிறவருக்கு அங்கே அபராதம், இரண்டு கிளாஸில் அதைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. ரெக்னிட்ஸ் ஆற்று நடுவில் நிற்கும் அந்த நகராட்சி மண்டபத்தைத் தாண்டி, பேராலயக் குன்றின் அடிவாரத்துக்கு வந்தால் டொமினிகானர் தெரு. 6ஆம் எண். சுவரில் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் பழைய வீடு. 1405இலேயே ஆவணத்தில் பேர் வந்துவிட்ட இடம்.

சனிக்கிழமை மாலை போகாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. வார நாளில் மதியம் மூன்று மணி வாக்கில் போனால் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கலாம். உள்ளே நுழைந்ததும் நடைபாதையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், வெளியே நின்று குடிக்கிறவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம். கிளாஸுக்கு முன்பணம் கேட்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். வெயில் காலத்தில் தெருவே நிரம்பியிருக்கும், அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் முதல் தடவை என்றால் உள்ளே உட்காருங்கள். கறுத்துப்போன உத்தரங்கள் கொண்ட பழைய அறை ஒன்று, டொமினிகன் துறவிகளின் மடத்தைச் சேர்ந்த வளைவுக் கூரை அறை ஒன்று. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

தனி மேசை கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே ஆள் இருக்கும் மேசையில் போய் 'இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?' (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு உட்காருவதுதான் அங்கே வழக்கம். 'ஷ்டாம்டிஷ்' என்று எழுதிய மேசையை மட்டும் தொடாதீர்கள், அது வழக்கமாக வருகிறவர்களுடையது.

அப்புறம் பீர். 'மேர்ட்ஸன்' கேளுங்கள், அதுதான் இங்கே புகை பீர். அரை லிட்டர், ஆல்கஹால் 5.1 சதவீதம். கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் சிவப்பாகத் தெரியும். மூக்கருகே கொண்டுபோனதும் புகையில் வாட்டிய பன்றிக்கறி வாசனை அடிக்கும், ஏதோ விறகடுப்புப் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த சட்டையை முகர்ந்த மாதிரி. மரப்பீப்பாயிலிருந்து தானாக வடிகிற பீர் என்பதால் வாயு குறைவு, தொண்டையில் குத்தாமல் இறங்கும். முதல் வாயில் புகை மட்டும்தான் தெரியும். பாதி கிளாஸில் நாக்கு பழகி, அடியில் இருக்கும் இனிப்பும் கசப்பும் மேலே வரும். இரண்டாவது கிளாஸில்தான் இது என்ன பீர் என்பதே புரியும், அதற்கு முன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள். கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையிலேயே, முதல் வாய் விசித்திரமாக இருந்தாலும் நிறுத்தாதே என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இந்தப் புகை எசன்ஸ் இல்லை. முளைகட்டிய பார்லியை (அதுதான் மால்ட்) பீச் (beech, பழம் தரும் peach இல்லை) மர விறகு நெருப்பின் மேல் உலர்த்துகிறார்கள், புகை தானியத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் விறகில் உலர்த்திய மால்ட்டில் காய்ச்சிய பீர் எல்லாவற்றிலும் கொஞ்சமாவது புகை இருந்தது. புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் சூளைகள் வந்ததும் மற்ற ஊர்கள் பழைய முறையை விட்டுவிட்டன, பாம்பெர்க் விடவில்லை. புகை பிடிக்காதவர்களுக்கு என்று 'ஹெல்லெஸ்' என்ற வெளிர் நிற பீர் ஒன்று உண்டு, புகையிட்ட மால்ட் போடாதது. அதே கொப்பரையில் காய்ச்சுவதால் அதிலும் லேசாகப் புகை ஒட்டியிருக்கும். அதைக் குடிக்கவா அவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்பேன். அக்டோபருக்குப் பிறகு போனால் 'ஊர்போக்' என்ற 6.5 சதவீத புகை பீர் கிடைக்கும், அதை விடாதீர்கள்.

சாப்பிட 'பாம்பெர்கர் ட்ஸ்வீபல்': பெரிய வெங்காயத்தைக் குடைந்து கொத்துக்கறி அடைத்து, புகை பீர் சாஸோடு தருவது. சைவம் சாப்பிடுகிறவர்கள் மெனுவை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது, அது கறிக்காரர்களின் மெனு. பணம் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். டிப்ஸ் மேசையில் வைக்க வேண்டாம். பில்லோடு சேர்த்து, ரவுண்டாக மொத்தத் தொகையைச் சொன்னால் போதும்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது ஓபெரெ கோனிக் தெரு வழியாக வாருங்கள். அங்கே ஷ்பெட்சியால் என்று ஒரு பீர் ஆலை இருக்கிறது, 1536 முதல். அதுவும் புகை பீர்தான், ஆனால் புகை குறைவு. ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தால் ஒரு கிளாஸ் குடித்துப் பாருங்கள், ஷ்லெங்கர்லாவுக்கு அப்புறம் குடிப்பதால் ஏதோ சாதாரண பீர் மாதிரி இருக்கும்.