அயனிப் பொறியில் கேட் பிழையைக் குறைக்க எங்கே தொடங்குவது?

மின்புலத்தில் பிடித்துவைத்த அயனிகளால் ஆன குவாண்டம் கணினி இது: இரண்டு கால்சியம்-40 அயனிகள், அவற்றை எஸ், டி என்ற இரு ஆற்றல் நிலைகளுக்கிடையே மாற்றும் 729 நானோமீட்டர் லேசர், இரண்டு அயனிகளையும் குவாண்டம் முறையில் பிணைக்கும் மோல்மர்–சோரன்சன் கேட். ஃபிடெலிட்டி (கேட்டின் துல்லியம்) குறைவாக வந்தால் பலரும் கை வைப்பது பல்ஸ் நீளத்தில்தான். அப்படிச் செய்தால் அடியில் உள்ள கோளாறு மறைந்துகொள்ளும். மறுநாள் மறுபடி தலைதூக்கும். கேட்டைக் கடைசியில் தொடுங்கள்.

முதலில் மைக்ரோமோஷன், அதாவது பொறியின் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) புலத்தால் அயனி படும் சிறு அதிர்வு. 397 நானோமீட்டர் லேசரில் அயனி ஒளிரும்போது, ஒவ்வொரு ஃபோட்டானும் பொறியின் ஆர்எஃப் சுழற்சியில் எந்தக் கணத்தில் வந்தது என்று ஹிஸ்டோகிராம் எடுங்கள். அது ஏறி இறங்கினால் அயனி சரியான இடத்தில் இல்லை. ஈடுகட்டும் எலெக்ட்ரோடுகளின் வோல்டேஜை மாற்றித் தட்டையாக்குங்கள். ஒரு கற்றை தன் திசையிலுள்ள அசைவை மட்டுமே காட்டும். வேறு திசைக் கற்றையாலும் பாருங்கள். புதிதாக அயனி ஏற்றினால் இதைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும்: அயனியாக்கும் லேசர் பட்டு எலெக்ட்ரோடு பரப்பில் மின்னூட்டம் தங்கிவிடும்.

அடுத்தது கோஹெரன்ஸ், அதாவது குவாண்டம் நிலையின் ஃபேஸ் கலையாமல் நீடிப்பது. இங்கே பொறுமை பலன் தரும். ராம்சே சோதனையை (இரண்டு பல்ஸ்களுக்கு நடுவே காத்திருந்து ஃபேஸ் எவ்வளவு கலைந்தது என்று பார்ப்பது) இரண்டு டிரான்சிஷன்களில் (நிலை மாற்றங்களில்) செய்யுங்கள்; கீழே அடைப்புக்குறியில் இருப்பது அந்த நிலையின் காந்தக் குவாண்டம் எண். எஸ் (−1/2) முதல் டி (−1/2) வரையிலானது 1 மில்லிகாஸுக்கு 0.56 கிலோஹெர்ட்ஸ் நகரும். எஸ் (−1/2) முதல் டி (−5/2) வரையிலானது 2.8 கிலோஹெர்ட்ஸ். முதலாவதில் கோஹெரன்ஸ் ஏறக்குறைய ஐந்து மடங்கு நீடித்தால் கோளாறு காந்தப்புலத்தில். இரண்டிலும் ஒரே அளவென்றால் லேசரின் ஃபேஸ் இரைச்சல். அப்போது காந்தப்புலக் காயில்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. காந்தப்புலம்தான் என்றால், ஒவ்வொரு ஷாட்டையும் (சோதனையின் ஒரு ஓட்டத்தையும்) மெயின்ஸ் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சுழற்சியில் ஒரே புள்ளியில் தொடங்குங்கள். வேகம் குறையும், ஆனால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரே புலத்தைக் காணும்.

குளிர்விப்பைச் சரிபார்ப்பது எளிது. ஒரே பல்ஸ் நீளத்தில் சிவப்பு, நீல சைட்பேண்டுகளின் (அயனியின் அதிர்வை ஒரு படி குறைக்கும், கூட்டும் லேசர் அதிர்வெண்களின்) கிளர்ச்சி விகிதம் 0.05 என்றால், சராசரி ஃபோனான் (அதிர்வுப் படி) எண்ணிக்கை 0.05/0.95, அதாவது சுமார் 0.053. 10 மில்லிவினாடி காத்திருந்து மறுபடி அளந்தால் சூடேறும் வேகம் கிடைக்கும்.

இப்போது கேட். டீட்யூனிங் (சைட்பேண்டிலிருந்து லேசர் விலகியிருக்கும் அளவு) 20 கிலோஹெர்ட்ஸ் என்றால், அயனிகளின் அசைவு தொடங்கிய நிலைக்கே திரும்பும் ஒரு சுற்று 50 மைக்ரோவினாடி. முடிவில் ஒரு அயனி மட்டும் ஒளிரும் நிலைகள் (ஒன்று ஒளிரும் எஸ்ஸில், மற்றது ஒளிராத டியில்) மிஞ்சினால் சுற்று மூடவில்லை. அதிர்வு மோடின் அதிர்வெண்ணை மீண்டும் அளங்கள். அவை மிஞ்சாமல் பேரிட்டி கான்ட்ராஸ்ட் (இரு அயனிகளும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்ற அளவு, கடைசிப் பல்ஸின் ஃபேஸை மாற்றும்போது ஏறி இறங்கும் வீச்சு) மட்டும் குறைந்தால் ஃபேஸ் சிதைகிறது, ராம்சேக்குத் திரும்புங்கள். இரண்டும் எஸ் அல்லது இரண்டும் டி நிலையில் இருக்கும் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 0.99, கான்ட்ராஸ்ட் 0.96 என்றால் ஃபிடெலிட்டி இரண்டின் சராசரி, 0.975.

வாசிப்புப் பிழையைத் தனியே கழியுங்கள். டி நிலையின் ஆயுள் சுமார் 1.2 வினாடி, 5 மில்லிவினாடி ஒளிர்வை எண்ணுவதற்குள் ஏறத்தாழ 0.4 சதவீதம் கீழிறங்கிவிடும்.