பழைய படம் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது

எனக்குப் பதினேழு வயது. பழைய படங்களைப் பற்றி என் வயதுக்காரர்கள் சொல்லும் கருத்துகளில் பெரும்பாலானவை படத்தைப் பார்த்து வந்தவை அல்ல. "ஒரே அழுகை, ஒரே வசனம்" என்று ஒதுக்குகிறவரும் சரி, "அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்று தாத்தாவின் குரலில் புகழ்கிறவரும் சரி, இருவர் கையிலும் இருப்பது இரவல் கருத்துதான். பழைய படத்தைத் திட்டவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தாராளமாகத் திட்டலாம். அந்தத் திட்டு அந்தப் படத்தின் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பரவலாக நடக்கும் தவறு, துண்டுக் காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. எங்கள் வீடு நீலகிரி மலையில் கேத்திக்கு அருகில் இருப்பதால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 1982இல் பாலு மகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை'. அதன் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் நடக்கிறது. கமல்ஹாசன் தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு குரங்கைப் போல ஆடுகிறார். ரயில் பெட்டிக்குள் இருக்கும் ஸ்ரீதேவி யாரோ ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். கைபேசியில் இந்தத் துண்டு மட்டும் வந்தால் சிரிப்புதான் வரும். என் வகுப்பிலேயே இதை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குபவர்கள் உண்டு. ஆனால் முழுப்படம் பார்த்தவருக்கு அந்த ஆட்டம் முன்பே தெரியும். விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட அந்தப் பெண்ணைச் சிரிக்கவைக்க அவர் ஆடிக் காட்டிய ஆட்டம் அது. இப்போது அவளுக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது. அவரோடு இருந்த நாட்கள் மட்டும் இல்லாமல் போய்விட்டன. தன்னை அடையாளம் காட்ட அவரிடம் அந்த ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒருவருக்கு அந்தக் காட்சி மிகையாகப் படலாம். அது கருத்து. முன்னது வெறும் சிரிப்பு.

பாட்டு வந்தவுடன் தள்ளிவிட்டுப் பார்ப்பதும் இதே வகைதான். 'கண்ணே கலைமானே' வருமிடத்தைத் தாண்டிவிட்டால், அந்த இருவருக்கும் இடையில் இருப்பது காதலா, தாய்மை போன்ற ஒன்றா என்று படம் நம்மைக் குழப்பும் இடமே போய்விடும். கண்ணதாசன் திரைப்படத்துக்கு எழுதிய கடைசிப் பாட்டு அது. படம் வெளிவருவதற்கு முன்பே, 1981 அக்டோபரில் அவர் காலமாகிவிட்டார். "பாட்டில்லாமல் அவர்களுக்குப் படமெடுக்கவே தெரியாது" என்று முடிவு கட்டியிருப்பவர்கள் 1954இல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தைத் தேடிப் பார்க்கட்டும். அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.

மலையில் வசிக்கும் எங்களுக்கென்றே ஒரு தனித் தவறு இருக்கிறது: படத்தைப் பார்க்காமல் ஊரைப் பார்ப்பது. "இது நம் ஸ்டேஷன்", "அந்த வளைவில் இப்போது பேக்கரி இருக்கிறது", "குன்னூருக்கு மேலே இப்போது டீசல் எஞ்சின் அல்லவா இழுக்கிறது" என்று பேசிக்கொண்டே இருப்போம், படம் முடிந்துவிடும். 1992இல் வந்த 'ரோஜா'வில் கதை நடப்பது காஷ்மீரில். அப்போது அங்கிருந்த நிலைமையால் குன்னூர், ஊட்டி, மணாலி போன்ற இடங்களில் படமெடுத்தார்கள். "ஏமாற்றிவிட்டார்கள், இது காஷ்மீரே இல்லை" என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மரத்தை அடையாளம் கண்டுபிடிப்பது விமர்சனம் ஆகாது. கடத்தப்பட்ட கணவனை மீட்கப் போராடும் அந்தப் பெண்ணின் தவிப்பை நம்ப முடிந்ததா என்பதுதான் கேள்வி.

கொடைக்கானலில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இதே தொல்லை வேறு வடிவில் வருகிறது. 'டெவில்ஸ் கிச்சன்' என்று வழங்கிய குகை, 1991இல் 'குணா' வந்த பிறகு குணா குகை ஆனது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்து, குகையைப் பார்க்க வருகிறவர்களின் கூட்டத்தைப் பெருக்கிவிட்டது. அங்கே வேலியோரம் நின்று படமெடுத்துக்கொண்டு, 'குணா' ஒரு காவியம் என்று எழுதுபவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்கிறாள் அவள். பார்த்திருந்தால் கேள்வி கேட்டிருப்பார்கள். கடத்தப்பட்ட பெண் கடத்தியவனையே விரும்பத் தொடங்குவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. அவளுக்கும் எனக்கும் இதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அவளாவது படத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறாள்.

நடிப்பு மிகை என்ற புகாருக்கு வருகிறேன். அந்தத் தலைமுறை நடிகர்களில் பலர் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரலும் முகமும் எட்ட வேண்டிய மேடை அது. 1952இல் 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனம் அந்தப் பயிற்சியின் நேரடி வாரிசு. எனக்கு அது இன்றும் நீளமாகத்தான் தெரிகிறது. ஆனால் "சிவாஜிக்கு அடக்கி நடிக்கத் தெரியாது" என்று சொல்பவர் 1985இல் வந்த 'முதல் மரியாதை'யைப் பார்த்திருக்க மாட்டார்.

நான் சற்றுக் கோபத்தோடு சொல்ல விரும்புவது "அந்தக் காலம் அப்படி" என்ற வாக்கியத்தைப் பற்றி. கதாநாயகன் அறைந்ததும் கதாநாயகி திருந்திவிடுகிற காட்சியை நான் கேள்வி கேட்டால், பெரியவர்கள் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். என் நண்பர்களோ இதையே வைத்து அந்தக் காலத்துப் படங்கள் மொத்தத்தையும் தூக்கி எறிகிறார்கள். இரண்டும் சோம்பேறித்தனம். வீட்டையே தோளில் சுமக்கும் மூத்த மகளின் கதையான 'அவள் ஒரு தொடர்கதை' 1974இல் வந்தது. ஆண்களின் பசப்பை முகத்துக்கு நேராகச் சொல்லும் பெண்ணைக் காட்டிய 'அவள் அப்படித்தான்' 1978இல். ஒரே காலத்தில் இரண்டு வகையும் இருந்தன என்றால், அறைவதைத் தேர்ந்தெடுத்தது காலம் அல்ல, படம் எடுத்தவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் பாட்டியிடம் இதைக் கேட்டேன். "எங்களுக்கு மட்டும் அது பிடித்திருந்தது என்று யார் சொன்னார்கள்?" என்றார்.

மோசமான பிரதியைப் பார்த்துவிட்டுப் படத்தைக் குறை சொல்வதும் உண்டு. நிறம் வெளுத்து, அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி, நடிகரின் நெற்றி பாதி காணாமல் போன பிரதிகள் இணையத்தில் நிறைய. 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது கூட்டம் சேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். முடிந்தவரை நல்ல பிரதியைத் தேடுங்கள். 'மூன்றாம் பிறை'யின் மங்கலை மட்டும் பிரதியின் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் மாலை நான்கு மணி வெளிச்சம் அப்படித்தான் இருக்கும். அந்த ஒளிப்பதிவுக்குப் பாலு மகேந்திரா தேசிய விருது வாங்கினார்.

விருது வாங்கிய படமாயிற்றே என்று வாயை மூடிக்கொள்வதும் தவறுதான். 'மூன்றாம் பிறை'யில் தலைமை ஆசிரியரின் மனைவியாக வரும் சில்க் ஸ்மிதாவின் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பாத்திரம் இல்லாவிட்டால் கதாநாயகனின் மனக்கட்டுப்பாடு நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நல்ல காரணம்தான். அதைக் காட்ட ஒரு முழுப் பாட்டு எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.