கட்டுமரத்துச் சுறாவும் போட்டுச் சுறாவும்: பழைய ஆட்டக்காரரையும் புதியவரையும் ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

நீரோடிதான் தமிழ்நாட்டுக் கடற்கரையின் இந்தக் கோடி. அதைத் தாண்டிக் கால் வைத்தால் பொழியூர், அங்கிருந்து கேரளம். கால்பந்து உலகக் கோப்பை வரும் வருஷம் மட்டும் இந்த எல்லை யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் ஒரு தெரு முழுக்க அர்ஜென்டினாவின் வெள்ளையும் நீலமும், அடுத்த தெரு முழுக்க பிரேசிலின் மஞ்சளும் பச்சையும் என்று கொடி கட்டிவிடுவார்கள், அது வள்ளவிளையில் தொடங்கி அந்தப் பக்கம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. 2022-ல் கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய கட்டவுட் வைத்தார்களே, அந்தக் கிறுக்கு எங்களுக்கும் உண்டு. காசுதான் இல்லை.

கட்டவுட்டோடு நின்றால் பரவாயில்லை. டீக்கடையில் சண்டை தொடங்கும். எங்கள் மாமாவுக்கு மரடோனா, என் தம்பிக்கு மெஸ்ஸி, மாமாவுக்கும் மூத்த ஒருவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு "பெலேயப் பத்தி உங்களுக்கு என்னடே தெரியும்" என்று ஒரே ஒரு வரியைப் போட்டுவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு, நானும் நடுவில் புகுந்து பலமுறை தோற்ற பிறகு, இந்தச் சண்டையில் எல்லோரும் திரும்பத் திரும்ப எங்கே வழுக்கி விழுகிறோம் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் வருவது கோல் கணக்கு. பெலே 1,363 ஆட்டத்தில் 1,279 கோல் என்று கின்னஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. மெஸ்ஸி ரசிகன் உடனே சிரிப்பான்: அதில் நட்பு ஆட்டம் சேர்த்திருக்கிறார்கள், ராணுவத்தில் இருந்தபோது ராணுவ அணிக்கு அடித்ததுகூடச் சேர்த்திருக்கிறார்கள், கழித்துவிட்டுப் பார்த்தால் எழுநூற்றுச் சொச்சம்தான். உண்மைதான். ஆனால் கழிக்கிற அவசரத்தில் இன்னொரு தவறு நடந்துவிடுகிறது. இன்றைக்கு நட்பு ஆட்டம் என்றால் சீசன் தொடங்கும் முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஆடுவது, பாதியிலேயே பத்துப் பேரை மாற்றிவிடுவார்கள். பெலே ஆடிய பிரேசில் கிளப்பான சான்டோஸ் அணி ஐரோப்பா போய், அங்குள்ள பெரிய அணிகளோடு ஊர் ஊராக ஆடித்தான் சம்பாதித்தது. அந்த ஆட்டங்களை லீக் ஆட்டத்துக்குச் சமம் என்றும் சொல்ல முடியாது, குப்பை என்றும் தள்ள முடியாது. பெயர் ஒன்றுதான், பொருள் வேறாகிவிட்டது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அதில் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் சண்டையைத் தொடருங்கள்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் எல்லோருமே எத்தனை கோல் அடித்தார்கள் என்று பார்க்காமல் ஒருவர் அடித்ததை மட்டும் பார்ப்பது. 1954 உலகக் கோப்பையில் 26 ஆட்டத்தில் 140 கோல், அதாவது ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல். 1990-ல் 52 ஆட்டத்தில் 115, இரண்டேகால்கூட இல்லை. ஒரே போட்டி, ஒரே பந்து, ஆனால் கடல் வேறு. நாபோலி முதன்முறையாக இத்தாலி லீக்கை வென்ற 1986-87 சீசனில் மரடோனா அடித்த லீக் கோல் 10. தம்பி இதை போனில் தேடி எடுத்து மாமா முகத்துக்கு நேரே காட்டினான்: "பத்து மாமா, பத்தே பத்து! மெஸ்ஸி 2011-12-ல லீக்ல மட்டும் 50." மாமாவுக்குப் பதில் தெரியவில்லை, கோபம் மட்டும் வந்தது. பதில் இருந்தது. அந்த வருஷம் இத்தாலியில் எல்லோரையும்விட அதிகம் அடித்தவரே 17 கோல்தான் அடித்திருந்தார். மெஸ்ஸி 50 அடித்த வருஷம் ரொனால்டோ 46 அடித்தார். பத்தையும் ஐம்பதையும் பக்கத்தில் வைக்காமல், பத்தைப் பதினேழுக்குப் பக்கத்திலும் ஐம்பதை நாற்பத்தாறுக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

இதை எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, விளக்கினால் சிரிப்பார்கள். தாத்தா கட்டுமரத்தில் போய், வானத்து நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து, தூண்டிலில் ஒரு சுறா கொண்டு வந்தார். பேரன் போட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் தங்கல் போட்டு நூறு கொண்டு வருகிறான். நூறு பெரிதா ஒன்று பெரிதா என்று இங்கே ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். தாத்தாவோடு அன்றைக்குக் கடலுக்குப் போன மற்றவர்கள் வெறுங்கையோடு வந்தார்களா, அவரவருக்கும் ஒவ்வொன்று கிடைத்ததா என்றுதான் கேட்பார்கள். கடல் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற அதே ஆட்கள் பந்து விஷயத்தில் ஏன் நூறா ஒன்றா என்று அடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்து, ஆட்ட விதி. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை இரண்டும் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970-ல். அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்ற விதியும் அதே வருஷம்தான் அங்கே வந்தது. 1966-ல் பெலேயை முதலில் பல்கேரியா உதைத்தது, அதனால் அடுத்த ஆட்டம் ஆட முடியவில்லை, திரும்பி வந்தால் போர்ச்சுகல் உதைத்தது. மாற்று ஆள் கிடையாது என்பதால் நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். 1982-ல் இத்தாலியின் ஜென்டிலே ஒரே ஆட்டத்தில் மரடோனாவை என்ன பாடு படுத்தினார் என்று தேடிப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் மரடோனா மீது நடந்த ஃபவுல் 23. ஜென்டிலே கடைசி விசில் வரை மைதானத்தில்தான் இருந்தார். பின்னாலிருந்து வந்து காலை வாரினால் நேராக வெளியே போ என்று கண்டிப்பு வந்தது 1998-ல்.

இதைச் சொன்னதும் மாமா கட்சிக்காரர்கள் உற்சாகமாகி அடுத்த தவறுக்குப் போய்விடுவார்கள்: "மெஸ்ஸிய அன்னைக்கு ஆட விட்டிருந்தா காலை ஒடிச்சிருப்பாங்க." இந்தக் கால இயந்திர வாதம் எனக்குப் பிடிப்பதே இல்லை. மெஸ்ஸியை 1982-க்கு அனுப்புகிறவர்கள் அவரை மட்டும் இன்றைய பழக்கத்தோடு தூக்கி அங்கே போடுகிறார்கள். அங்கேயே பிறந்து, அந்த உதையிலேயே வளர்ந்திருந்தால் அவரும் அதற்குத் தகுந்த மாதிரி எகிறக் கற்றிருப்பார். எதிர்க்கட்சியும் இதையேதான் செய்கிறது: பெலேயை இன்றைக்கு இறக்கினால் ஓட முடியாது என்பார்கள். இன்றைய சாப்பாடு, மருத்துவர், பூட், புல்தரை எதையும் அவருக்குக் கொடுக்காமல் ஆளை மட்டும் கூட்டி வருவது என்ன நியாயம்? பழைய ஆட்டம் முழுக்க உதைதான் என்று நினைப்பதும் தப்பு. அந்த ஆட்டங்களை முழுதாகப் பார்த்தால் தெரியும், நடு மைதானத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கிறது. இன்றைக்குப் பந்து வருவதற்குள் இரண்டு பேர் மேலே வந்து விழுகிறார்கள்.

பந்தைப் பற்றியும் ஒரு கதை ஓடுகிறது, அந்தக் காலத்துத் தோல் பந்து கல் மாதிரி இருக்கும், இன்றைக்கு இருப்பது காற்றுப் பை என்று. விதிப்படி எடை அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 410-லிருந்து 450 கிராம். தோல் மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்து கனத்துவிடும், தலையால் முட்டினவனுக்குத்தான் வேதனை தெரியும். காய்ந்த மைதானத்தில் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது.

கோப்பையை வைத்து அளப்பது எல்லோருக்கும் பிடித்த தவறு. உலகக் கோப்பை இல்லையா, பட்டியலில் இடமில்லை. சரி, ஜார்ஜ் பெஸ்ட் வட அயர்லாந்தில் பிறந்தவர், உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ரியல் மாட்ரிட்டுக்காகத் தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கிளப் கோப்பை இறுதி ஆட்டங்களிலும் கோல் அடித்த டி ஸ்டெஃபானோவும் ஆடியதில்லை. நெதர்லாந்தின் க்ரைஃப் 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்றார். இவர்களை எங்கே வைப்பீர்கள்? 2022 டிசம்பர் 18-ஐ நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அர்ஜென்டினாவும் பிரான்ஸும் 3-3, கூடுதல் நேரமும் முடிந்து இன்னும் சில வினாடி, பிரான்ஸின் கோலோ முவானி தனியாக கோலிக்கு எதிரே நிற்கிறார், அடிக்கிறார், அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் உடம்பை விரித்து இடது காலை நீட்டுகிறார், பந்து அந்தக் காலில் பட்டுத் திரும்புகிறது. எங்கள் தெருவில் அந்த நொடியில் சத்தமே இல்லை, கடல் இரைச்சல் கேட்டது. அந்தக் கால் நான்கு விரற்கடை விலகியிருந்தால் மெஸ்ஸிக்கு உலகக் கோப்பை இல்லை. "நாட்டுக்கு ஒண்ணும் கிழிக்கலியே" என்று மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். இந்த நொடியில் மெஸ்ஸி எங்கோ நடு மைதானத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் காலை வைத்து இவர் திறமையை அளந்து முடித்துவிட்டோம்.

வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பலோன் தோர் விருது எண்ணிக்கை இன்னும் மோசம். மெஸ்ஸி எட்டு, ரொனால்டோ ஐந்து, பெலே பூஜ்யம், மரடோனா பூஜ்யம் என்று ஒரு படம் அடிக்கடி போனில் வரும். 1995-க்கு முன் அந்த விருது ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். அந்த வருஷம் விதியை மாற்றியதும் லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வாங்கினார். பரீட்சைக்கே உட்கார விடாதவரைப் பார்த்து ஃபெயில் என்று சொல்லும் படம் அது, அழித்துவிடுங்கள்.

கோலிகளையும் டிஃபண்டர்களையும் யாரும் பேச்சிலேயே எடுப்பதில்லை. சோவியத் யூனியனின் யாஷின் ஒருவர்தான் கோலியாக இருந்து அந்த விருதை வாங்கியவர், 1963-ல். பெண்கள் ஆட்டத்தில் இந்த ஒப்பீடு இன்னும் சிக்கல்: பிரேசிலில் 1941-லிருந்து 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடவே தடை. உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்த மார்த்தாவுக்கு முந்திய தலைமுறையில் அங்கே ஒருவரும் இல்லையே என்று கேட்பவர்களுக்கு வேறென்ன பதில்?

நம்மூர் ஆட்டக்காரர்களிடம் வந்தால் இந்தத் தவறுகள் எல்லாம் ஒன்றாக வரும். சுனில் சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு சொன்னபோது இந்தியாவுக்காக 151 ஆட்டத்தில் 94 கோல். அவருக்கு முந்திய தலைமுறை ஐ.எம். விஜயன் கணக்கு அதில் பாதிக்கும் கீழே, எனவே சேத்ரிதான் என்று முடித்துவிடுவார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் கேரளா போலீஸ் அணிக்கு ஆடி மேலே வந்த அந்த வருஷங்களில் இந்தியா வருஷத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடியது, யாரோடு ஆடியது என்பதைப் பார்க்காமல் என்ன முடிவு? அதற்கும் பின்னே போனால் 1973 கொச்சி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், ரயில்வேஸுக்கு எதிராக மணி அடித்த மூன்று கோல், 3-2, கேரளாவுக்கு முதல் கோப்பை. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர் கேப்டன் மணி, அவ்வளவுதான், வேறு யார் பெயரையும் சொல்லி அவர்களை அசைக்க முடியாது.

அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் தவறு. நாம் பெரும்பாலும் ஆட்டக்காரரை ஒப்பிடுவதில்லை, நமக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது யார் ஆடினார் என்பதைச் சொல்கிறோம். 1986-ல் தூர்தர்ஷனில் உலகக் கோப்பையை நேரடியாகப் பார்த்த தலைமுறை இந்தக் கரையில் இன்னும் அர்ஜென்டினாதான். எனக்கு 2002 ரொனால்டினோ. இருபத்தைந்து வருஷம் கழித்துத் தம்பியும் ஒரு சின்னப் பையனிடம் "மெஸ்ஸியப் பத்தி உனக்கு என்னடே தெரியும்" என்று டீயை ஆற்றிக்கொண்டிருப்பான். பார்த்தது, கேட்டது, பின்னால் இரண்டு நிமிட வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தது எல்லாம் கலந்து எது எது என்றே தெரியாமல் போகும்.

மாமாவிடம் இதைச் சோதித்துப் பார்த்தோம். 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக, முதல் கோலைக் கையால் தட்டிவிட்ட பிறகு மரடோனா அடித்த அந்த இரண்டாவது கோலை அவர் சொல்வது ஊரில் பிரசித்தம். பெஞ்சில் டீ கிளாஸ்களை நிறுத்துவார், ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் தீப்பெட்டியை ஓட்டுவார், சர்க்கரை டப்பாதான் கோலி ஷில்டன், அதையும் தாண்டித் தீப்பெட்டி பெஞ்சின் விளிம்பில் போய் நிற்கும். போன மாசம் அப்படி நின்றதும் தம்பி கேட்டான்.

"மாமா, இது நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரை தாண்டி அடிச்சது. நீங்க முழுசாப் பார்த்தீங்களா?"

மாமா தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கையால தட்டினதப் பார்த்தேன் மக்ளே. அப்புறம் கரண்டு போயிட்டுது."