அக்டோபர் 15 வரை காத்திருக்காதீர்கள்: அமெரிக்கா வந்திருக்கும் பெரியவர்களுக்கு

பிள்ளைகளிடம் கிரீன் கார்டில் வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கூட்டி வந்த பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். எனக்கு 73 வயது, மகள் குடும்பத்தோடு நியூஜெர்சியில் இருக்கிறேன், வந்து 15 வருடம் ஆகிறது. மெடிகேர் என்ற, பெரியவர்களுக்கான அமெரிக்க அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் விஷயத்தில் படவேண்டியதெல்லாம் பட்டாயிற்று.

முதலில் ஒரு நினைப்பை விட்டுவிடுங்கள். 65 வயதானால் அரசாங்கமே மெடிகேர் கொடுத்துவிடும் என்று ஊரிலிருந்து வரும்போதே பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். கிரீன் கார்டோடு இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காசு கொடுத்தாவது சேர முடியும். ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்க, நீங்களோ உங்கள் துணையோ, வரி பிடித்த சம்பளத்துக்கு ஏறும் வேலைப் புள்ளி 40 சேர்த்திருக்க வேண்டும். வருடத்துக்கு நான்கு புள்ளிதான் ஏறும், ஆக பத்து வருடம். 30 புள்ளிக்குக் கீழே இருந்தால் 2026 கணக்குப்படி பார்ட் ஏ மாதம் 565 டாலர், 30 முதல் 39 வரை இருந்தால் 311 டாலர். டாக்டர் செலவைப் பார்க்கும் பார்ட் பி பொதுவாக எல்லாருக்கும் மாதம் 202.90 டாலர், வருமானம் நிறைய இருந்தால் இன்னும் கூடும்.

ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் உடம்பில் தெம்போடு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். புள்ளி சேர பெரிய சம்பளம் தேவையில்லை. 2025இல் 1,810 டாலருக்கு ஒரு புள்ளி, அதாவது வருடத்துக்கு 7,240 டாலர் சம்பாதித்தால் நான்கும் வந்துவிடும். நான் ஒரு மளிகைக் கடையில் பகுதி நேரம் கல்லாவில் உட்கார்ந்தேன். ஊரில் அதிகாரியாக இருந்துவிட்டு இதைச் செய்வதா என்று முதல் மாதம் கொஞ்சம் உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது. 68 வயதில் 40 முடிந்தது, என் கணக்கை வைத்தே என் மனைவிக்கும் பார்ட் ஏ கிடைத்தது. ஆனால் வரி பிடித்து முறையாகச் சம்பளம் கொடுக்கும் இடமாக இருக்க வேண்டும், கையில் காசாக வாங்கினால் ஒரு புள்ளிகூட ஏறாது.

ஐந்து வருடம் ஆகும்வரை என்ன செய்வது? வந்த 60 நாளுக்குள் உங்கள் மாநில மார்க்கெட்பிளேசில், அதாவது இன்சூரன்ஸ் திட்டங்களை ஒப்பிட்டு வாங்கும் அரசாங்கச் சந்தையில், சேரலாம். அதைத் தவறவிட்டால் பொதுவாக நவம்பர் 1 அன்று கதவு திறக்கும், மூடும் நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இளைஞர்களைவிட மூன்று மடங்குவரை பிரீமியம் கேட்பார்கள், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மானியம் உண்டா என்பது வருமானத்தைப் பொறுத்தது, பிள்ளை தன் வரிக்கணக்கில் உங்களை டிபென்டென்ட், அதாவது தன்னைச் சார்ந்தவர், என்று காட்டினால் பிள்ளையின் வருமானமும் கணக்கில் வரும், ஆகவே வரி போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எடுக்கும் விசிட்டர் இன்சூரன்சை வைத்துக் காலம் தள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு அதில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

சரி, மெடிகேருக்குள் வந்துவிட்டீர்கள். அரசாங்கமே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் இருக்கலாம், இல்லையென்றால் தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் சேரலாம், மருந்துச் செலவைப் பார்ப்பது பார்ட் டி. வருடா வருடம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், ஜனவரி 1 முதல் புதியது நடைமுறைக்கு வரும். எட்டு வாரம் இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கொலு எடுத்து வைத்து முடிப்பதற்குள் தீபாவளி, அது முடிந்தால் பேரப்பிள்ளைகளுக்கு தேங்க்ஸ்கிவிங் லீவு, பிள்ளைகளுக்கு ஆபீசில் வருடக் கடைசி நெருக்கடி, நடுவில் மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை டிக்கெட். கடைசியில் டிசம்பர் 5 ராத்திரி மருமகன் லேப்டாப்பைத் திறந்து, "மாமா, இதுல பிரீமியம் சைபர், போட்டுடலாமா?" என்று கேட்க, நானும் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரியில்தான் தெரிந்தது, நான் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த இதய டாக்டர் அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அதனோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள் பட்டியலில், இல்லை. மருமகன் மேல் தப்பில்லை, அவருக்கு என் டாக்டர் பெயரே தெரியாது, நானும் சொல்லவில்லை. நல்லவேளை, அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது, அதில் தப்பித்தேன். இது அட்வான்டேஜ்காரர்களுக்கு மட்டும், ஒரிஜினல் மெடிகேரில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

அதனால் இப்போதெல்லாம் ஆகஸ்ட் கடைசியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிப் பட்டியல் எழுதுவதுதான், ஆனால் அதில்தான் நம் ஆட்கள் இடறுகிறார்கள். ஊரிலிருந்து மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்த அட்டையைப் பார்த்து கிளைகோமெட், டெல்மா, தைரோநார்ம் என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது. அவற்றின் மருந்துப் பெயர் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், லெவோதைராக்சின், அதையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையாக இருந்தால் பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் ஊரில் கிடைக்கும் சில சேர்க்கைகள் இங்கே ஒரே மாத்திரையாகக் கிடைக்காது. சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், கிளிக்லசைடு சாப்பிடுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், இந்த மூன்றும் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. செப்டம்பரிலேயே டாக்டரைப் பார்த்து மாற்று மருந்து என்ன என்று முடிவு செய்தால்தான் எந்தத் திட்டத்தில் அதன் விலை குறைவு என்று தேட முடியும். அந்த மாற்று மருந்து பிராண்ட் மருந்தாக மட்டுமே இருந்தால் விலை தலை சுற்ற வைக்கும். பார்ட் டி திட்டத்தில் அடங்கும் மருந்துகளுக்கு 2026இல் உங்கள் கைக்காசு 2,100 டாலரைத் தாண்டாது, இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது. ஆனால் மருந்து அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருந்தால்தான் இந்தச் சலுகை.

செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் திட்டத்திடமிருந்து அடுத்த வருடம் என்னென்ன மாறுகிறது என்று ஒரு கடிதம் வரும். விளம்பரக் குப்பையோடு குப்பையாக அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த நேரத்தில் தபால் பெட்டி நிறைய விளம்பரமாகத்தான் இருக்கும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் பழைய திட்டமே தொடரும், உள்ளே மருந்துப் பட்டியலும் டாக்டர்களும் மாறியிருந்தாலும் தொடரும்.

பிரீமியம் சைபர் என்ற அட்வான்டேஜ் திட்டம் எல்லாருக்கும் கெட்டது என்று சொல்ல மாட்டேன், பல்லும் கண்ணும் சேர்த்துப் பார்ப்பதால் என் நண்பர் ஒருவர் சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் ஒரிஜினல் மெடிகேரோடு மெடிகாப் என்ற துணை இன்சூரன்ஸ் எடுக்க விரும்பினால், 65 வயதான பிறகு பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம்தான் பொற்காலம். அந்த ஆறு மாதத்தில் உடம்புக்கு என்ன இருந்தாலும் மறுக்க முடியாது. பிறகு போனால் நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் நோய் விவரம் கேட்டு மறுக்கலாம். முதல் முறை முடிவெடுக்கும்போது இதை யோசியுங்கள், நான் யோசிக்கவில்லை.

ஊருக்குப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம். மெடிகேர் இந்தியாவில் செல்லாது, அங்கே தனியாக ஏற்பாடு வேண்டும். அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்துகொண்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். இன்னொன்று, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசாங்க ஓய்வூதியப் பணம் வாங்காதவர்களுக்கு பார்ட் பி பில் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வரும். நீங்கள் மயிலாப்பூரில் இருக்கும்போது அது இங்கே தபால் பெட்டியில் கிடக்கும், கட்டாவிட்டால் காப்பீடே போய்விடும். பேங்க் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். பார்ட் பி விட்டுப்போய், வேலை வழிக் காப்பீடும் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம் கூடும், பெரும்பாலும் ஆயுசுக்கும்.

யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது, அவர்கள் எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை. அக்டோபரில் அங்கே கூட்டம் நெரியும், செப்டம்பரிலேயே நேரம் கேட்டு வாங்குங்கள். 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மெடிகேரிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது தாமாகவே போன் செய்து கார்டு எண்ணைக் கேட்டால் மரியாதை பார்க்காமல் வைத்துவிடுங்கள்.

ஜனவரி முதல் வாரம் மருந்து வாங்கப் போகும்போது புதிய திட்டத்தின் கார்டைக் கடையில் காட்டிப் பதிய வையுங்கள். பழைய திட்டத்தின் கார்டைக் கிழித்துப் போடலாம். சிவப்பு வெள்ளை நீலத்தில் இருக்கும் மெடிகேர் கார்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திட்டம் எத்தனை முறை மாறினாலும் அது வேண்டும்.